வாய்விட்டுச் சொல்லாத அளவு

இதில் வருவது அத்தனையும் உண்மை. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. தையல்கடை மேசையின் கீழ் இழுப்பறையில் கிடக்கும் அளவு நோட்டின் மேல் கை வைத்துச் செய்கிற சத்தியம் இது. வேறு எதன் மேல் வேண்டுமானாலும் கை வைத்துப் பொய் சொல்லலாம், அளவு நோட்டின் மேல் முடியாது. அதில் பொய் எழுதினால் அடுத்த வாரமே சட்டை காட்டிக்கொடுத்துவிடும். நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்க்கொள்ளலாம், ஒன்றும் வருத்தமில்லை.

அந்தக் கடைக்காரரை மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் கத்தரிக்கோலின் திறமைக்கு ஒரு சான்று போதும். கடை வாசலில் ஒரு விளக்குக் கம்பம் தெருப்பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. மின்வாரிய அலுவலகத்துக்கு எழுதி எழுதி அலுத்துப்போன மாஸ்டர், ஒருநாள் ஏணி போட்டு ஏறி, கம்பத்துக்கு அளவெடுத்து, ஒரு சாம்பல் நிறக் கோட்டு தைத்து மாட்டிவிட்டார். மறுநாள் கம்பத்தை நிமிர்த்த வந்த ஆட்கள் இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள், அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். "நேராத்தான இருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வருட மழையில் கம்பம் குப்புற விழுந்தது வேறு விஷயம். கோட்டில் ஒரு கசங்கல் இல்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். அத்தனை நிமிர்வு. அணிவகுப்பில் அவளை முதல் வரிசையில் நிறுத்திவிட்டு உடற்பயிற்சி டீச்சர் மற்றவர்களைத் திட்டுவார். "பாருங்கடி, முதுகுன்னா இப்படி இருக்கணும். நீங்களும் வச்சிருக்கீங்களே, காயப்போட்ட துணி மாதிரி." ஸ்கேல் கண்ணை நேராக வைத்துக்கொண்டு, சிரிப்பைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்வாள். வயதாக ஆக முதுகு வலிக்கத்தான் செய்தது. நிமிர்ந்து நிற்பவர்களுக்கு வலிக்காமல் இருக்குமா என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கடையில் அளவெடுப்பதற்கு ஒரு முறை உண்டு. மாஸ்டர் டேப்பைப் பிடித்து அளவை உரக்கச் சொல்வார், மூலையில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற மாமா அதை நோட்டில் எழுதுவார். மாமா என்றால் ஸ்கேலின் அம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். ஊசியில் எவ்வளவு கூர்மையோ நாக்கிலும் அவ்வளவு. "இடுப்பு நாப்பத்தாறு" என்று மாஸ்டர் கூவினால், தெருவில் போகிற பேருந்தில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்த்து நாற்பத்தாறு யார் என்று தேடுவார்கள். "எழுதிட்டேன் மாப்ள, அடுத்த பக்கத்துக்கும் கொஞ்சம் போயிருச்சு" என்பார் மாமா.

மகளுக்கு மட்டும் வேறு சட்டம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முந்தைய ஞாயிறு மதியம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாமாவைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, மாஸ்டர் அவளை நிற்க வைத்து அளவெடுப்பார். இடது தோளிலிருந்து இடுப்பு எலும்பு வரை ஒருமுறை. வலது தோளிலிருந்து ஒருமுறை. மறுபடி இடது. எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தானே குனிந்து நோட்டில் எழுதி மூடி வைப்பார். ஊருக்கெல்லாம் கூவுகிற மனிதர் தனக்காக மட்டும் குரலை அடக்குகிறார் என்பது அவளுக்குப் பெருமை. அதைச் செல்லம் என்றுதான் பதினேழு வயதுவரை நினைத்திருந்தாள்.

அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த வீட்டில் கடிகாரத்தையே அவரிடம் கேட்டுத்தான் திருத்துவார்கள்.

ஒருநாள் அணிவகுப்புப் பயிற்சியில் மழை பிடித்துக்கொண்டது. ஸ்கேல் தொப்பலாக நனைந்துவிட்டாள். ஒரு தோழி தன் பையிலிருந்த மாற்றுச் சட்டையைக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு வந்தால் சட்டை கோணல். ஒரு தோள் தூக்கி, ஒரு பக்கம் இழுத்து, பொத்தான் வரிசை ஆற்றங்கரை மாதிரி வளைந்து போனது. "உன் சட்டை என்னடி இப்படி இருக்கு, யாரு தச்சா?" என்றாள் ஸ்கேல், தொழில் தெரிந்த வீட்டுப் பெண்ணின் இளக்காரத்தோடு. இன்னொருத்தி தன் சட்டையைக் கொடுத்தாள். அதுவும் கோணல். மூன்றாவது, நான்காவது என்று போய், கடைசியில் அந்த வகுப்பிலிருந்த பதினாறு பேரின் சட்டையும் கோணல் என்று முடிவாயிற்று. அப்பா தைத்தது ஒன்றுதான் நேர். தீர்ப்பைச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது பின்னால் டீச்சர் நின்றிருந்தார்.

"குனி" என்றார்.

"டீச்சர்?"

"காலத் தொடுற மாதிரி குனி."

குனிந்தாள். முதுகின் வலது பக்கம் ஒரு மேடு எழுந்து நின்றது. டீச்சர் அதை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா" என்றார். காப்பி அடித்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரல். தான் என்ன தப்பு செய்தோம் என்று ஸ்கேலுக்கு விளங்கவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். அதில் ஒரு முதுகெலும்பு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்ப்பதுபோல் நடுவில் வளைந்து கிடந்தது. அது வேறு யாருடையதோ என்று ஸ்கேல் நினைத்தாள். மூலையில் தன் பெயரும் வயதும் இருந்தன.

"அம்பத்தெட்டு டிகிரி" என்றார் டாக்டர். "பதினொண்ணு பன்னெண்டு வயசுல வந்திருந்தா பெல்ட் மாதிரி ஒரு பிரேஸ் போட்டு, மேல வளையாம நிறுத்திப் பாத்திருக்கலாம். இப்ப நேரம் தாண்டிருச்சு. ஆபரேஷன் பண்ணி, கம்பி வச்சு நிமிர்த்தணும். இத்தன வருஷமா வீட்ல யாருமே கவனிக்கலையா?"

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய டேப்பின் நுனியைச் சுருட்டினார், விரித்தார், சுருட்டினார்.

"தெரியலையே டாக்டர்" என்றார். "யாருக்குமே தெரியல."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஸ்கேலுக்கே பாவமாகிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

மாஸ்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதுதான் பின்னால் அவளை ரொம்ப நாள் அறுத்தது. இழுத்திருக்கலாம்.

அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம் நடந்தது. இரண்டு கம்பிகள், இருபது திருகாணிகள். அவள் படுத்திருந்த கட்டில் காலையில் சரியாக இருந்ததாம், மாலையில் கால் வெளியே நீட்டிக்கொண்டதாம், வேறு கட்டில் தேட வேண்டியதாயிற்றாம். இரண்டு இன்ச் வளர்ந்துவிட்டாள். கண் விழித்ததும் யாரோ, "கால் விரல அசை" என்றார்கள். அசைத்தாள். எங்கோ அடுத்த தெருவில் இருக்கும் இரண்டு விரல்கள் அசைந்தன. "நல்லது" என்றது குரல். அதற்குப் பிறகுதான் வலி வந்தது. வந்தது என்று சொல்வது மரியாதைக் குறைவு. மேளதாளத்தோடு எழுந்தருளியது. அதற்கு ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள், அழுத்தினால் மருந்து இறங்கும். முதல் நாள் அவள் அழுத்திய வேகத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் மூன்று நாள் தூங்கிவிட்டார் என்று மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

தானாகப் புரளக்கூடாது. இரண்டு நர்சுகள் விரிப்பின் இரு ஓரத்தையும் பிடித்து, மரக்கட்டையை உருட்டுவதுபோல் ஒரே தூக்கில் உருட்டினார்கள். மூன்று உருண்டைகள் உள்ள பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து மூச்சிழுத்து உருண்டைகளை மேலே ஏற்றச் சொன்னார்கள். முதல் நாள் ஒன்றுகூட ஏறவில்லை. இரண்டாம் நாள் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தபோது அறை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பழைய இடத்தில் நின்றது. மூன்றாம் நாள் நடந்தாள், ஆறடி. தலையில் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நடப்பது மாதிரி இருந்தது.

மாஸ்டர் நாள் தவறாமல் வந்தார். கட்டுப் பிரித்த அன்று முதுகுக்குப் பின்னால் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"உள்தையல் போட்டிருக்காரு" என்றார். "நூல் வெளிய தெரியல. ஒரு சுருக்கம் இல்ல. நல்ல கை."

"நீங்க போட்டிருந்தா?" என்று கேட்டாள் ஸ்கேல், விளையாட்டாகத்தான்.

அவர் நிமிர்ந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

ஏழாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கையைத் தூக்கக்கூடாது என்பதால் முன்னால் பொத்தான் வைத்த சட்டைதான் ஆகும். அம்மா அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையைக் கொண்டுவந்து, குழந்தைக்குப் போடுவதுபோல் போட்டுவிட்டாள். நடைக்கூடத்துக் கடைசியில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. வீட்டில் இருப்பது முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. நிமிர்ந்த தன்னை முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போய் நின்றாள்.

கோணல். இடது தோள் புடைத்து நின்றது. வலது பக்கம் தொங்கியது. பொத்தான் வரிசை ஆற்றங்கரை மாதிரி வளைந்து போனது.

"சிஸ்டர்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சிஸ்டர், ஆபரேஷன் சரியாகல."

நர்ஸ் வந்து பார்த்தார். ஓடிப்போய்ப் புது எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். படத்தில் எலும்பு, இரண்டு கம்பிக்கு நடுவே, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றது. பிறகு நீலச் சட்டையைக் கழற்றி, மருத்துவமனை அங்கியை மாட்டிவிட்டு மறுபடி கண்ணாடி முன் நிறுத்தினார். நேர்.

"முதுகு நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்றார். "சட்டைதான் கோணல். எந்தக் கடையில தச்சீங்க?"

ஸ்கேல் தையல்கடையில் வளர்ந்தவள். சட்டையை உள்பக்கம் திருப்பினாள். இடது தோளுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினாள். நர்சிடம் ஒரு கத்தரி கேட்டு வாங்கி, தையலைப் பிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு பட்டை வந்தது. ஒற்றைப் பட்டை அல்ல, அடுக்கு. மேலே இந்த நீலத்தின் வெட்டுத்துண்டு. அதற்குக் கீழே போன வருடத்துச் சாம்பல். அதற்குக் கீழே பதினைந்து வயதில் போட்ட பச்சைக் கோடு. அதற்கும் கீழே, அதற்கும் கீழே. ஒவ்வொரு வருடமும் பழைய பட்டையைப் பிரித்தெடுத்து, மேலே ஓர் அடுக்கு சேர்த்துப் புதுச் சட்டைக்குள் வைத்திருக்கிறார். கடைசி அடுக்கு மஞ்சளில் வெள்ளைப் புள்ளி. அந்தத் துணி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் பதினொன்றாம் பிறந்தநாளைக்குப் படம் எடுத்தார்கள்.

ஏழு அடுக்கு. விரலால் இரண்டு தரம் எண்ணினாள்.

மற்றவை தாமாக வந்து வரிசையில் நின்றன. படிக்கிற நாற்காலிக்கு அப்பா தைத்த மெத்தை, ஒரு பக்கம் மட்டும் தடிமன். பள்ளிப் பையின் வார், ஒன்று மட்டும் ஒரு இன்ச் குட்டை. "இந்தக் கைவேல பாட்டன் வழிச் சொத்து, எங்கயும் கிடைக்காது" என்று சொல்லி அவர் சீர்செய்து தந்த காலணியின் உள்தோல், இடது மட்டும் கனம். தன்னைச் சுற்றி இருந்த சாமான்கள் எல்லாம் ஒன்றுகூடிப் பேசி வைத்துக்கொண்டு ஆறேழு வருடம் அவளிடம் மறைத்திருக்கின்றன.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மாஸ்டர் உள்ளே வந்தார். அவள் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். அவள் மருத்துவமனை அங்கியோடே வீட்டுக்கு வந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழி கடை வழியாகத்தான். உள்ளே நுழைந்ததும் நின்றாள். இழுப்பறை முழங்காலுக்குக் கீழே இருந்தது, அவள் குனியக்கூடாது.

"மாமா, அந்த அளவு நோட்ட எடுங்க. என் பக்கத்தப் படிங்க. சத்தமா."

மாமா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இருபது வருடமாக அந்த நோட்டில் எழுதுகிறவர், இந்தப் பக்கத்தை மட்டும் பார்த்ததில்லை.

"பதினொரு வயசு" என்று தன் வழக்கமான குரலில் ஆரம்பித்தார். "இடது பதிமூணு. வலது பதிமூணேகால். பன்னெண்டு. இடது பதிமூணரை, வலது பதினாலு. பதிமூணு. இடது பதினாலு, வலது பதினாலே முக்கால்." அதற்கு மேல் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. "பதினாலு…"

"சத்தமா மாமா."

"போதும்மா."

"கடைசியப் படிங்க."

"பதினேழு. இடது பதினாலே முக்கால். வலது பதினாறே முக்கால்." மாமா நோட்டை மூடினார். "என்ன மாப்ள இது. ரெண்டு இன்ச். நாப்பது வருஷத் தொழில்ல நீ எங்கயாச்சும் கால் இன்ச் விட்டுக்குடுத்திருக்கியா?"

மாஸ்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மொத வருஷம் கால் இன்ச்தான் கண்ணு. கால் இன்ச் யாருக்கும் இருக்கும். துணியில சரி பண்ணேன். அடுத்த வருஷம் அரை ஆச்சு. அப்பச் சொன்னா, போன வருஷம் ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. அதுக்கடுத்த வருஷம் முக்கால்…"

"டாக்டர் கேட்டப்ப?"

"அப்ப ஏழு வருஷமா ஆயிருச்சே."

"உங்களுக்குப் பயம்" என்றாள்.

"உன்ன ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்சது துணிதான். அதுல என்ன பண்ண முடியுமோ பண்ணேன்."

"நான் உங்க கையப் பிடிச்சு, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன்ப்பா." அழக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் அழுதால் இருபது திருகாணியும் தனித்தனியாக வலித்தது. அதனால் நிறுத்திக்கொண்டாள்.

அம்மா அன்றிலிருந்து மாஸ்டர் தைத்த எதையும் உள்பக்கம் திருப்பி ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உடுத்தினாள்.

ஸ்கேலிடம் இருந்த துணி அத்தனையும் வளைந்த உடம்புக்கு வெட்டியவை. நிமிர்ந்த உடம்புக்கு ஒன்றுகூட இல்லை. மாஸ்டர் மறுநாளே டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். "வேணாம்" என்றாள். அடுத்த வாரமும் நின்றார். மூன்றாம் வாரம், வெளியே நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன முதல் நாள், அவள் தெருவைக் கடந்து எதிரே இருந்த ரெடிமேட் கடைக்குப் போனாள்.

ரெடிமேட் என்கிற சொல்லைத் தையல்கடையில் உச்சரிக்கக்கூடாது. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் வாய்தவறிச் சொல்லிவிட, மூன்று மிஷினிலும் ஒரே சமயத்தில் நூல் அறுந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு எதிரிலிருந்து, மாஸ்டரின் சொந்த மகள், கொக்கியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். யாருக்கும் அளவெடுக்காமல், யார் முகமும் தெரியாமல், எங்கோ ஆயிரம் ஒன்றாகத் தைத்த சட்டை. அது அவள் மேல் அச்சாக உட்கார்ந்திருந்தது.

மாஸ்டரால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "காலர் சரியா உக்காரல" என்றார்.

"கோணலா இருந்தாச் சொல்லுங்கப்பா" என்றாள். "ஆனா நீங்க சொல்லமாட்டீங்களே."

மாமாவின் ஊசி அன்று முதன்முறையாக அவர் விரலிலேயே இறங்கியது.

ஏறக்குறைய ஒரு வருடம் ரெடிமேடிலேயே ஓடியது. பேசாமல் இல்லை. சாப்பிடக் கூப்பிடுவாள், மாத்திரை எங்கே என்று கேட்பாள். ஆனால் எதையும் அவரிடம் கேட்டுச் சரிபார்க்கவில்லை. மணியைக்கூடத் தெருவில் போகிறவர்களிடம் கேட்டாள். தழும்பின் இரு பக்கமும் கைவைத்தால் தெரியாத ஒரு மரத்துப்போன பட்டை இருந்தது. அது மெல்ல மெல்ல உணர்வு திரும்பிச் சுருங்கியது என்றும், முழுசாகப் போகவில்லை என்றும் அவளே சொன்னாள்.

பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முந்தைய ஞாயிறு மதியம் அவள் கடைக்குள் வந்தாள். மாஸ்டர் பழக்கத்தில் ஷட்டரை இறக்கப் போனார். "தொறந்தே இருக்கட்டும்" என்றாள். மாமா தேநீருக்கு எழுந்தார். "நீங்க உக்காருங்க. நோட்ட எடுங்க." பிறகு நடுக்கடையில், தெருவைப் பார்த்து நின்றாள்.

"எடுங்கப்பா. வாய்விட்டுச் சொல்லுங்க."

மாஸ்டர் டேப்பை இடது தோளில் வைத்து இடுப்புவரை இழுத்தார். வலது தோளில் வைத்து இழுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பேருந்து நிறுத்தம்வரை கேட்கிற குரலில் கூவினார்.

"இடது பதினேழு. வலது பதினேழு."

பேருந்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதிட்டேன் மாப்ள" என்றார். ஸ்கேல் நோட்டை எட்டிப் பார்த்து, இரண்டு எண்ணையும் படித்துவிட்டு, ஒரு வருடம் கழித்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

நோட்டு இன்னும் அதே இழுப்பறையில்தான் இருக்கிறது. அவள் பக்கத்தில் கடைசியாக எழுதியிருப்பது பதினேழாம் வயது அளவு, அதற்குக் கீழே பதினெட்டு இல்லை, பக்கம் வெள்ளையாக இருக்கிறது. வேறு எங்கு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், அளவு நோட்டில் முடியாது.